மூளை ஸ்கேன் ஸ்டடிக்கு வாலண்டியரா போனா என்ன பண்ணுவாங்க?

ஒரு யுனிவர்சிட்டி லேப்ல எஃப்எம்ஆர்ஐ (மூளையோட எந்தப் பகுதி எப்போ வேலை செய்யுதுன்னு பாக்கற ஸ்கேன்) ஸ்டடிக்கு ஆள் தேடிட்டு இருந்தாங்க, பேர் குடுத்துட்டேன். ஊசி கிடையாது, எக்ஸ்ரே சிடி மாதிரி கதிர்வீச்சும் கிடையாது, எல்லாம் காந்தம்தான். அதான் முதல் ஃபார்ம்லயே பேஸ்மேக்கர் இருக்கா, உடம்புல கிளிப் பிளேட்டு இருக்கா, எப்பவாச்சும் கண்ணுல இரும்புத்தூள் விழுந்துச்சான்னு துருவித் துருவிக் கேக்கறாங்க. 3 டெஸ்லா (காந்த பலத்தோட அளவு) மெஷின், ஸ்கேன் ஓடாதப்பவும் காந்தம் ஆன்லயே இருக்கும், வெள்ளி அரைஞாணைக்கூட விடல, கழட்ட சொல்லிட்டாங்க.

காதுல இயர்பிளக், அதுக்கு மேல ஹெட்ஃபோன், தலையை ஸ்பாஞ்ச் வச்சு இறுக்கி, முகத்துக்கு மேல காயில்னு சிக்னலைப் பிடிக்கற கூண்டு மாதிரி ஒண்ணு. அவ்ளோ அடைச்சும் சத்தம் கேக்கும். ஒரு கையில பட்டன், இன்னொரு கையில பயந்தா அமுக்க ரப்பர் பல்ப்.

அப்புறம் ஸ்கிரீன்ல வரிவரியா வரும். "நண்பர் உங்களுக்குப் பரிசு அனுப்பினார்", "நண்பர் உங்களைத் திட்டினார்". காரணம் நீங்களா, அவரா, சூழ்நிலையான்னு பட்டன் அமுக்கணும். நல்லது நடந்தா என்னாலதான், கெட்டது நடந்தா அவனாலதான் இல்ல நேரம் சரியில்லன்னு நாம தினமும் சொல்றோமே, அதைத்தான் பாக்கறாங்க. ஒரு வரிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல வெறும் ப்ளஸ் குறி, தூக்கம் தூக்கமா வருது. ஏன் இவ்ளோ இழுக்கறீங்கன்னு வெளிய வந்து கேட்டேன். மெஷின் நம்ம நினைப்பைப் படிக்கல, மூளை வேலை செய்யற இடத்துல ரத்தத்துல ஆக்சிஜன் மாறுறதைத்தான் பாக்குது, அது உச்சத்துக்கு வரவே 5, 6 செகண்ட் ஆகுமாம். தலையில ஒயர் ஒட்டி மூளையோட மின்சாரத்தைப் பாக்கற இஇஜி மில்லிசெகண்ட்ல புடிச்சுடும், ஆனா ஸ்ட்ரையேட்டம் மாதிரி மூளைக்குள்ள ஆழத்துல இருக்கற இடத்தை அதுல சரியா பாக்க முடியாது.

அந்த ஸ்ட்ரையேட்டம்தான் இங்க மேட்டர். 2003-ல லண்டன்ல இதே மாதிரி ஒரு ஸ்டடில, ஆளுங்க தனக்கு சாதகமா காரணம் சொன்னப்போ அதோட மேல்பகுதி கூடுதலா வேலை செஞ்சுது. பரிசு, லாபம் கிடைச்சாலும் துடிக்கற ஏரியா அது. அதுக்காக தற்பெருமைல சுகம் இருக்குன்னு ப்ரூவ் ஆயிடுச்சுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, கை கால் அசைவுல இருந்து பழக்கவழக்கம் வரைக்கும் அதுக்கு ஆயிரம் வேலை இருக்கு. செத்துப்போன சால்மன் மீனை ஸ்கேன்ல போட்டு, ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்துல சோதிக்கறப்போ தற்செயலா வர்ற தப்பை கணக்குல ஒழுங்கா திருத்தலைன்னா அதோட மூளையும் வேலை செய்யற மாதிரி தெரியும்னு 2009-ல காட்டி, 2012-ல இக் நோபல் (சிரிக்க வச்சு யோசிக்க வைக்கற ஆராய்ச்சிக்குத் தர்ற கேலிப் பரிசு) வாங்கினாங்களே, அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

போறவங்க முன்னாடியே பாத்ரூம் போயிட்டு போங்க, நடுவுல எழுந்து வர முடியாது. மூளைப் படம் கேட்டுப் பாருங்க, தந்தா வாங்கிக்கங்க, ஆனா அது டாக்டர் பாத்து சொல்ற ரிப்போர்ட் இல்ல.