மஞ்சள் வீட்டுக்காரர்

தியான்ஜின், ஜனவரி 5, 2025

சமையலறையில் எலி. மூன்று நாளாக அரிசிப் பையின் மூலையைக் கடித்து வைக்கிறது. எலிப் பசை அட்டை வாங்கி வந்து அடுப்புக்குக் கீழே வைத்தேன்.

இரவு குப்பை கொட்டப் போனபோது சைக்கிள் நிறுத்துமிடத்தில் கீரி மாதிரி ஒன்று ஓடியது. நல்ல மஞ்சள் நிறம். பாதியில் நின்று திரும்பிப் பார்த்தது, பின்னங்கால்களில் எழுந்து நின்றது. நானும் நின்றேன். கைவிரல் விறைக்கிற குளிர். அதுதான் முதலில் போனது.

ஜனவரி 6

எதிர்வீட்டு ஆயியிடம் சொன்னேன். (இங்கே அம்மா வயதுப் பெண்களை ‘ஆயி’ என்றுதான் கூப்பிட வேண்டும். சீனத்தில் நான் மனப்பாடம் செய்யத் தேவைப்படாத ஒரே சொல்.) ‘ஹுவாங்ஷூலாங்’ என்று நான் வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். மஞ்சள்-எலி-ஓநாய் என்று அர்த்தம். யாரையாவது அப்படிக் கூப்பிடலாமா? ‘ஹுவாங் தாசியான்’ என்று சொல்ல வேண்டுமாம். பெரிய சித்தர் ஹுவாங்.

ஹாங்காங்கில் அந்தப் பெயரில் கோயிலும் மெட்ரோ ஸ்டேஷனும் இருக்கிறதே, அதுவும் இந்த ஜீவனுக்குத்தானா என்று கேட்டுவைத்தேன். ஆயிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த ஹுவாங் ஆடு மேய்த்துச் சித்தரான மனிதர். எழுத்து ஒன்று, ஆள் வேறு.

“அதை அடித்தாயா?”

“இல்லை.”

“அப்போ சரி.”

ஜனவரி 9

இன்று ஆயி விரல்விட்டு எண்ணிக் காட்டினார். நரி, மஞ்சள் கீரி, முள்ளெலி, பாம்பு, எலி. வட சீனத்தில் இவை மக்கள் கும்பிடும் ஐந்து குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பப் பெயர். நரி ‘ஹூ’, நரியைக் குறிக்கும் சொல்லும் மனிதர்களின் ஹூ என்ற குடும்பப் பெயரும் ஒரே ஒலி. கீரி ‘ஹுவாங்’, மஞ்சள். முள்ளெலி ‘பாய்’, வெள்ளை. பாம்பு ‘லியூ’, அதாவது வில்லோ மரம். வளைந்து ஆடுவதால் இருக்கலாம் என்பது என் ஊகம். எலி ‘ஹுய்’, சாம்பல்.

எலியுமா! நான் பசை அட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பழைய பெய்ஜிங் பக்கத்துக் கிராமங்களில் எலியைச் சேர்க்காமல் நான்கு என்பார்களாம். யென்ச்சிங் பல்கலைக்கழக மாணவர் லி வெய்சூ 1941-ல் இதைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதினார். வீட்டு முற்றத்தில் செங்கல்லால் பொம்மை வீடு போல ஒன்று கட்டி, செல்வ தேவதையின் மாளிகை என்று பெயர் வைத்து, அதில் இவர்களைக் குடிவைப்பார்கள். மரியாதை கொடுத்தால் வீட்டில் பணம் சேரும். மனம் நோகச் செய்தால் வந்த பணம் அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கும்பிடுவதைவிடக் குடித்தனக்காரரோடு அனுசரித்துப் போவதுதான் இதில் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

இது நேற்று முளைத்ததும் இல்லை. தாங் வம்ச காலக் குறிப்பு ஒன்று, ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே நரியை வணங்கி, தாங்கள் சாப்பிடுவதையே அதற்கும் படைத்தார்கள் என்கிறது. நரி இல்லாமல் ஊர் ஆகாது என்று அப்போது ஒரு பழமொழியே இருந்ததாம்.

ஜனவரி 12

ஞாயிறு. வெளியே போக மனமில்லை. யுவான் மெய் 1788-ல் வெளியிட்ட ‘குருநாதர் பேசாதவை’ தொகுப்பில் ஒரு குட்டிக் கதை படித்தேன். (குருநாதர் என்றால் கன்ஃபூசியஸ். பேய் பிசாசு பற்றி அவர் பேசமாட்டார். இவர் அதை மட்டுமே பேசுகிறார்.)

ஒரு நரி சொல்கிறது: தாய்ஷான் மலைத் தேவி எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பரீட்சை வைக்கிறாள். தேறினால் ‘ஷெங்யுவான்’ பட்டம், சித்தராவதற்குத் தவம் செய்ய அனுமதி. தோற்றால் வெறும் காட்டு நரி. பேச்சு வர வேண்டுமென்றால் முதலில் பறவைகளின் பாஷை, அதுவும் நாலு திசைப் பறவைகளின் பாஷையும் கற்க வேண்டும். அப்புறம்தான் மனிதக் குரல், மனித உருவம். இதற்கே 500 வருஷம் ஆகிவிடும். மனிதனாகப் பிறந்தவனுக்கு அந்த 500 வருஷம் மிச்சம்.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். விலங்குக்குள் ஆவி புகுந்துகொள்வதாக அல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்? இங்கே விலங்கு உழைக்கிறது, பாடம் படிக்கிறது. அது ஏறுகிற படிக்கட்டில்தான் நாமும் நிற்கிறோம், கொஞ்சம் மேலே, அதுவும் நம் சாமர்த்தியத்தால் அல்ல.

ஷெங்யுவான் என்பது மனிதர்களின் அரசாங்கத் தேர்விலும் முதல் படிப் பட்டம். ஏறக்குறைய 500 விசித்திரக் கதைகள் எழுதிய பூ சோங்லிங் அதை 1658-ல் வாங்கினார். அடுத்த படியில் திரும்பத் திரும்பத் தோற்றார். 70 வயது கடந்த பிறகு, 1711-ல், வயதுக்கு மரியாதையாக ஒரு பட்டம் கொடுத்தார்கள். அவர் கதைகளில் நரிப் பெண்களுக்கு அத்தனை கருணை ஏன் என்பதற்கு எனக்கு வேறு காரணம் தேவையில்லை.

ஜனவரி 15

ஆயியின் பேரன் வந்திருந்தான். கீரி எழுந்து நின்றது என்றதும் குதித்தான். “உங்களிடம் கேட்டதா?” தவம் முற்றிய கீரி வழிப்போக்கனை மறித்து, ‘நான் மனுஷன் மாதிரி இருக்கேனா, தெய்வம் மாதிரி இருக்கேனா?’ என்று கேட்குமாம். தெய்வம் என்றால் தேறிவிடும். தப்பாகச் சொன்னால் அத்தனை வருஷத் தவமும் பாழ். சொன்னவனை அது சும்மா விடாது. இதற்கும் ஒரு தேர்வாளர் வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுவும் குப்பை கொட்ட வந்தவர்!

அப்புறம் அவனே, “கவலை வேண்டாம், 1949-ல் மக்கள் குடியரசு வந்த பிறகு விலங்குகள் ஆவியாக மாற அனுமதி இல்லை” என்றான். இணையத்தில் எல்லோரும் சொல்லும் ஜோக். ஆயி மட்டும் சிரிக்கவில்லை.

ஜனவரி 22

வட சீனத்தின் ‘சின்னப் புத்தாண்டு’. அடுப்புத் தெய்வம் மேலே போய் வீட்டுக் கணக்கை ஒப்பிக்கும் நாள். வாய் ஒட்டிக்கொள்ளட்டும் என்று பிசுபிசுப்பான மிட்டாய் படைக்கிறார்கள். ஆயி எனக்கும் நாலு கொடுத்தார். அடுப்புக்கு மேலே ஒரு பசை, கீழே ஒரு பசை. கீழே உள்ளதில் இன்னும் ஒன்றும் ஒட்டவில்லை.

ஜனவரி 29

பாம்பு ஆண்டு பிறந்தது. லியூ வீட்டாரின் ஆண்டா என்றேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, குழப்பாதே, சாப்பிடு என்றார் ஆயி.

ஜனவரி 31

புத்தாண்டின் மூன்றாம் நாள். இன்றிரவு எலி வீட்டில் கல்யாணமாம். நாள் ஊருக்கு ஊர் மாறும். ஆயி பிறந்த கிராமத்தில் இன்று. விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும், மூலையில் கொஞ்சம் அரிசியும் உப்பும் போட வேண்டும். கல்யாணத்தைக் கெடுத்தால் வருஷம் முழுக்க அவர்கள் நம்மைக் கெடுப்பார்கள். புத்தாண்டு மரக்கட்டை அச்சுப் படங்களில் இந்த ஊர்வலம் பிரபலம்: பல்லக்கு, மேளதாளம், வழியில் உட்கார்ந்திருக்கும் பூனைக்கு லஞ்சமாக ஒரு மீன்.

“உன் அடுப்புக்குக் கீழே அட்டை இருக்கிறதே,” என்றார் ஆயி. எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு அட்டையை எடுத்து, பழைய செய்தித்தாளில் மடித்து அலமாரி மேல் வைத்தேன். அரிசி ஒரு பிடி. உப்பு தீரப் போகிறது, அதனால் ஒரு சிட்டிகை. அட்டையை நாளைக் காலை திரும்ப வைக்க வேண்டும், மறக்கக் கூடாது.