ரிட்டர்ன் போட்டால் நிலுவை குறையும்

நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு கிராமத்தில் வி.ஏ.ஓ.வாக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மனு என்றால் கையில் வாங்கும் தாள்தான், இழுப்பறையில் ஒரு மாதம் கிடந்தாலும் கேட்க ஆளில்லை. அந்தக் காலம் திரும்ப வர வேண்டாம். இப்போது இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தால் மனு நேராக என் லாகினுக்கு வருகிறது, நான் பரிந்துரைத்தால் வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ., அப்புறம் தாசில்தார், கடைசியில் கியூஆர் கோடு போட்ட சான்றிதழ். யாருக்கும் சலாம் போட வேண்டியதில்லை.

ஆனால் எந்த மனு யாரிடம் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பது மேலே இருப்பவர்களுக்குத் திரையிலேயே தெரிகிறது. கூட்டம் என்றால் முதல் கேள்வியே நிலுவை எத்தனை என்பதுதான். அதைக் குறைக்க விசாரித்து அனுப்பலாம், இல்லை 'ஆவணம் தெளிவாக இல்லை' என்று மனுதாரருக்கே திருப்பி, ரிட்டர்ன் போடலாம். ரிட்டர்னுக்கு அரை நிமிடம் போதும். சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிற மலையில், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கை எங்கே போகும்?

போன வருடம் ஒரு சாதிச் சான்று மனுவை அப்படித்தான் திருப்பினேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அந்தக் குடும்பங்களுக்குத் தாத்தா இலங்கையிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த அட்டைதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். பேத்தி அதைப் போனில் படமெடுத்து, மையத்தில் அளவைச் சுருக்கி ஏற்றியதில், எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

நாலு நாள் கழித்துப் பெரியவரே வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து மடிப்பு விழுந்த அந்த அட்டையை எடுத்து நீட்டி, "இதுல எது சார் தெரியல?" என்றார். எல்லாமே தெரிந்தது. மறுபடி மையத்துக்குப் போய் ஏற்ற வேண்டும், துணைக்குப் போகிற மருமகளுக்கு ஒரு நாள் கொழுந்துக் கூலி போச்சு. இத்தனைக்கும் அவர்கள் இருக்கிற தோட்டக் குடியிருப்பை, லயத்தை, தாண்டித்தான் தினமும் பைக்கில் போகிறேன்.

அதிலிருந்து ரிட்டர்ன் போடுவதற்கு முன் மனுவில் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் அடித்துவிடுகிறேன். பல சமயம் எடுப்பவர் மையக்காரர், மனுதாரரின் பெயரைச் சொன்னால் "எந்த எஸ்டேட் சார்?" என்று என்னிடமே கேட்கிறார்.