ஸ்டால் போடுவதற்கு முன்

மே 5
தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டாரை நிறுத்தும் நம் சர்க்யூட்டுக்கான பேட்டன்ட் வரைவு ஏஜென்ட்டிடமிருந்து இன்னும் வரவில்லை.

மே 6
அண்ணன் மறுபடி அதையே ஆரம்பித்தார்: "யாருகிட்டயும் மூச்சு விட்டுறாதீங்க." எதைப் பற்றி? போர்வெல்லில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்பது கோயம்புத்தூரில் எந்த வைண்டிங் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். அதைப் பூட்டி வைத்து என்ன பயன்?

பூட்ட வேண்டியது வேறு. சாதாரண ட்ரை ரன் ரிலே (வறண்டு ஓடும் மோட்டாரை நிறுத்தும் கருவி) ஆம்பியர் குறைகிறதா என்று மட்டும் பார்க்கும். ராத்திரி லைனில் 250 வோல்ட் ஏறினால் வறண்டு ஓடும் மோட்டாரும் கூடுதலாக ஆம்பியர் இழுக்கும். தண்ணீரோடு ஓடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் சுருங்கிவிடும், ரிலே ட்ரிப் ஆகாது, மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துவிடும். நம் சர்க்யூட்டில் வோல்டேஜ் மாற மாற ட்ரிப் ஆகும் எல்லையும் கூடவே நகர்கிறது. எந்த ஹெச்.பி.க்கு எந்த வோல்ட்டில் எவ்வளவு என்ற அட்டவணைதான் சொத்து.

மே 7
தூக்கம் வரவில்லை. கண்காட்சிப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது.

மே 9
ஸ்டாலில் வைத்து விளக்கிவிட்டு அப்புறம் பேட்டன்ட் போடலாம் என்கிறார்கள். கூடவே கூடாது. இந்தியச் சட்டத்தில் பிரிவு 31 தரும் 12 மாத விலக்கு, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்குத்தான். மற்ற இடத்தில் காட்டினால் புதுமை போச்சு. அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் பொதுவாக அதுவும் கிடையாது. முதலில் தாக்கல், பிறகு ஸ்டால்.

மே 10
அட்டவணை. திரும்பத் திரும்ப அட்டவணை.

புரொவிஷனலில் (முதலில் போடும் தற்காலிக விண்ணப்பத்தில்) அது இல்லாமல் சமாளிக்கலாம். ஆனால் 12 மாதத்துக்குள் முழு விவரணை கொடுக்க வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அந்த முழு விவரணையில் நமக்குத் தெரிந்த சிறந்த முறையைச் சொல்லியாக வேண்டும், பிரிவு 10(4). முதலில் தாக்கல் செய்த தேதியிலிருந்து 18 மாதம் கழித்து அது வெளியாகும். எண்களை மறைத்துக்கொண்டு உரிமையும் கேட்டால், எதிராளி அதையே காரணம் காட்டி பேட்டன்ட்டை ரத்து செய்யச் சொல்லலாம். எண்களைக் கொடுத்துவிட்டால் எல்லாரும் படிப்பார்கள். வெறும் அல்காரிதமாக எழுதினாலோ, அதற்கு பேட்டன்ட் இல்லை என்கிற பிரிவு 3(கே)-யில் தள்ளுபடி. ஆக, சர்க்யூட்டை பேட்டன்ட்டுக்குக் கொடுத்து, அதற்குத் தேவையான எண்களையும் கொடுக்க வேண்டியதுதான். பழைய மோட்டார்களுக்கான திருத்தங்கள் தனி வேலை, அவற்றை மட்டும் ரகசியமாக வைக்கலாம். கோடு எங்கே போடுவது என்பதுதான் நெஞ்சை அரிக்கிறது.

மே 12
முதலீட்டாளர் என்.டி.ஏ.வில் (ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில்) கையெழுத்துப் போட மாட்டார். பெரும்பாலும் யாரும் போடுவதில்லை, ஒரே மாதிரி யோசனையோடு வரும் பத்துப் பேரைப் பார்க்கிறவர்கள். கோபப்பட ஒன்றுமில்லை. என்ன செய்யும், யார் வாங்குவார்கள், ஒரு ரீவைண்டிங் செலவு எவ்வளவு மிச்சம், இவ்வளவும் ஸ்லைடில் போகட்டும். பி.சி.பி. (சர்க்யூட் போர்டு) படமும், சிப்புக்குள் இருக்கும் நிரலான ஃபர்ம்வேரும் போகக் கூடாது.

ஃபைல்களை இணையத்தில் சேமிக்கும் டிராப்பாக்ஸ் 2008-ல் தன் வேலையை ஒரு வீடியோவில் காட்டியது. காத்திருப்போர் பட்டியல் ஒரே ராத்திரியில் 5,000-லிருந்து 75,000 ஆனது. வீடியோவில் தெரிந்தது ஃபைல் தானாகச் சேருவது மட்டுமே, உள்ளே எப்படிச் சேர்கிறது என்பது அல்ல. நின்றபடி ஓட்டும் இரு சக்கர வண்டியான செக்வேயை 2001 டிசம்பர் வரை 'ஜிஞ்சர்' என்ற பெயரில் மூடி வைத்தார்கள். நடைபாதையில் ஓட்ட விடுவார்களா, இந்த விலைக்கு யார் வாங்குவார் என்று முன்கூட்டியே கேட்க, முதலீட்டாளர் போன்ற சிலரைத் தவிர வெளியாளுக்கு வாய்ப்பே இல்லை. எனக்கு இந்த இரண்டாவதுதான் பயம்.

மே 14
தோட்டத்தில் சோதனைக்கு வைக்கும் பெட்டிகள்: நியாயமான சோதனைக்காகப் பொதுவில் ஓட்டினால், தாக்கலுக்கு முந்தைய ஓராண்டு வரை பிரிவு 32 காக்கும். விற்றால் அந்தப் பேச்சே இல்லை. எனவே பில் போடக் கூடாது. எலெக்ட்ரீஷியனிடம் ஒரே பக்கத்தில் ரகசிய ஒப்பந்தம். சிப்பில் ரீட்-அவுட் லாக், உள்ளே இருக்கும் நிரலை யாரும் படித்தெடுக்காதபடி. போர்டு மேல் எபாக்ஸி ஊற்றுவதற்கு முன் ரிலே சீல் வைத்த வகைதானா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எபாக்ஸி கான்டாக்டுக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும்.

மே 15
ஒன்றும் இல்லை. போன் வரவில்லை.

மே 17
வரைவு வந்தது. நான்காம் பக்கத்தில் ட்ரிப் எல்லை நகரும் திசையையே தலைகீழாக எழுதியிருக்கிறார்கள். திருத்தி அனுப்பியாயிற்று. ஃபார்ம் 1 (விண்ணப்பம்), 2 (விவரணை) தயார், ஸ்டார்ட்அப் என்பதற்கு ஃபார்ம் 28-ம். அது இருந்தால் கட்டணம் 1,600, இல்லாவிட்டால் 8,000.

மே 18
டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை லேப்டாப் எடுக்க மாட்டேன் என்கிறது. அண்ணன் வேறு லேப்டாப் கொண்டுவரப் போயிருக்கிறார்.