ஆம்னியின் பின்சக்கரம் எங்கே ஆடியது?

வண்டி 2004 மாடல் மாருதி ஆம்னி வேன். அப்பா பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டு, கண்ணில் புரை அறுவை செய்த பிறகு சாவியை என்னிடம் தந்தார். திண்டுக்கல்லில் கடை வேலைக்கும், மாதம் இரண்டு முறை சிறுமலை ஏறி வாழைத்தார் எடுத்து வரவும் அதுதான். போன ஐப்பசி மழை முடிந்த சமயத்தில் அதில் ஒரு சத்தம் பிறந்தது. நாற்பதைத் தாண்டினால் தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி ‘ஊம்ம்’ என்று இரைச்சல். அறுபதில் பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும்.

ஆம்னியில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது லேசில்லை. 796 சிசி எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பின்னால் முழுக்க வெறும் தகரப் பெட்டி. ஒரு மூலையில் தட்டினால் நாலு மூலையிலும் கேட்கும்.

முதலில் டயர்க்கடை. “டயர் கட்டி கட்டியா தேஞ்சிருக்கு, அதான் சார்” என்றார்கள். சரி, புது டயர் வாங்குவதற்கு முன்னால் முன்டயர்களைப் பின்னாலும் பின்டயர்களை முன்னாலும் மாற்றிப் போடச் சொன்னேன். டயர் சத்தமாக இருந்தால் டயரோடு சேர்ந்து இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அதோடு, டயர் இரைச்சல் புதுத் தார்ரோட்டில் ஒரு மாதிரியும் சிமெண்டு ரோட்டில் வேறு மாதிரியும் இருக்கும். என் சத்தத்துக்கு ரோட்டைப் பற்றிக் கவலையே இல்லை.

அடுத்து ஒரு ஒர்க்‌ஷாப். பெயர் வேண்டாம். அங்கே தினமும் வருவது முன்சக்கரம் இழுக்கிற கார்கள். பழக்க தோஷத்தில் என் வண்டிக்கும் முன்பக்க வீல் பேரிங் இரண்டையும் மாற்றி பில் போட்டார்கள். வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே ‘ஊம்ம்’. மறுநாள் போய்க் கேட்டால், “அப்ப புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸா இருக்கும்” என்று அதைக் கழற்ற ஸ்பானரை எடுத்தார்கள். ஆம்னியில் எஞ்சின் முன்னால் இருந்தாலும் வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம்தான். நடுவில் ஓடுகிற நீளத் தண்டு, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின்பக்கப் பல்சக்கரப் பெட்டியான கிரவுனுக்குச் சுழற்சியைக் கொண்டுபோக, அங்கிருந்து இடமும் வலமும் ஆளுக்கொரு ஆக்சில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்றும். ஆக, அந்தத் தண்டின் மூட்டான கிராஸைச் சந்தேகப்பட்டது அபத்தம் இல்லை. ஆனால் முன்பேரிங்குக்கு அழுத பணம் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டேன்.

நத்தம் ரோட்டில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அறுபதில் போய் நியூட்ரலில் விட்டேன். எஞ்சின் சத்தம் அடங்கியது, ‘ஊம்ம்’ அடங்கவில்லை. அப்படியென்றால் எஞ்சினும் இல்லை, கியரும் இல்லை. கியரில் வைத்து ஆக்சிலேட்டரை அழுத்தியும் விட்டும் பார்த்தேன். கிரவுன்-பினியன் பற்கள் தேய்ந்திருந்தால் அழுத்தும்போது ஒரு குரல், விடும்போது வேறு குரல் வரும். இரண்டிலும் ஒரே குரல்தான். கிராஸ் போயிருந்தால் கிளட்ச் விட்டு நகரும்போது ‘டங்’ என்று ஒரு அடி விழும், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டியின் தரை அதிரும். அதுவும் இல்லை.

பதில் சிறுமலையில் கிடைத்தது. அந்தப் பாதையில் 18 கொண்டைஊசி வளைவுகள். வலப்பக்கம் வளையும்போதெல்லாம் சத்தம் ஏறியது. இடப்பக்கம் வளைந்தால் ஏறக்குறைய நின்றே போனது. வலது வளைவில் வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களில் சாயும். முன்னால் இரண்டு பேரிங்கும் புதுசு. மிச்சம் இருப்பது இடது பின்சக்கரம்.

ஏழாவது வளைவோ எட்டாவதோ, ஒரு திருப்பம் முடிந்து எதிர்த் திருப்பம் தொடங்குகிற இடத்தில் புதிதாக ஒரு ‘டக்’. கதவுக்குள் யாரோ விரல் முட்டியால் தட்டியது போல. அடுத்த வளைவிலும் அதே இடத்தில் ‘டக்’. இரைச்சலுக்கு நான் பயந்ததில்லை, இந்தத் தட்டலுக்குப் பயந்தேன். வாழைத்தார் ஏற்றாமல் இருபது வேகத்தில் இறங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஜாக்கி போட்டேன். இங்கே ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஹேண்ட்பிரேக்கைப் பூட்டி, கியரிலும் போட்டுவிட்டு, இடது பின்சக்கரத்தைத் தூக்கினேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டுமே என்று ஹேண்ட்பிரேக்கை விடுவித்த மறுநிமிஷம் வண்டி முன்னால் நகர்ந்து ஜாக்கி சாய்ந்தது. நல்லவேளை, அடியில் கை இல்லை. பின்சக்கரத்தில் ஒன்று அந்தரத்தில் இருந்தால் கியர் வண்டியைப் பிடிக்காது. கிரவுன், தரையில் நிற்கிற சக்கரத்தை உருளவிட்டு, அந்தரத்தில் இருப்பதை எதிர்ப்பக்கம் சுற்றிக் கணக்கை நேர்செய்துவிடும். ஹேண்ட்பிரேக்கும் பின்சக்கரங்களில்தான். எனவே இரண்டாம் முறை முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்து, ஆக்சில் ஷாஃப்டை மூடியிருக்கிற ஆக்சில் குழாய்க்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகே தொட்டேன்.

சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினேன். லேசாக ஆடியது. பக்கவாட்டில் பிடித்து வெளியே இழுத்து உள்ளே தள்ளினேன். வந்தது, போனது, ‘டக்’ என்றது. சிறுமலையில் கேட்ட அதே ‘டக்’.

ஆட்டம் இருக்கிறது, சரி. எதற்கும் எதற்கும் நடுவில் என்பதுதான் கேள்வி. மகனைச் சக்கரத்தை ஆட்டச் சொல்லிவிட்டு டார்ச்சோடு கீழே படுத்தேன். சக்கரம் மட்டும் ஆடி, அதற்கு உள்ளே இருக்கிற பிரேக் டிரம் அசையாமல் நின்றால் வீல் நட்டு லூஸ். டிரம், அதன் பின்னால் பிரேக்கைத் தாங்குகிற பின்தகடு, ஆக்சில் குழாய் எல்லாம் ஒன்றாக ஆடி, பாடி மட்டும் நின்றால் பிளேட்டு ஸ்பிரிங்கின் புஷ்ஷோ, அதை ஆக்சிலோடு கட்டுகிற யூ-போல்ட்டோ லூஸ். நான் பார்த்தது வேறு. பின்தகடு குழாயோடு கல்லு மாதிரி நின்றது. டிரம் மட்டும் அதை விட்டு விலகி விலகி ஒட்டியது. தகடும் டிரம்மும் சேருகிற இடுக்கு ஒரு தீக்குச்சி கனத்துக்குத் திறந்து மூடியது. ஆடுவது ஆக்சில் ஷாஃப்டேதான். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது இரண்டு விரல் அளவு சும்மா சுற்றியது. அது கிரவுன் பற்களின் இடைவெளி, பழைய வண்டியில் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. தகட்டின் கீழ் விளிம்பில் ஈரமாகக் கறுப்புக் கசிவு. தொட்டு முகர்ந்தேன். பிரேக் ஆயிலுக்கு அந்த வாடை கிடையாது. பழைய கியர் ஆயிலுக்கே உரிய, மூக்கைச் சுளிக்கவைக்கும் கந்தக நெடி.

வண்டியை நகர்த்தத் துணியவில்லை. அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர், அம்பாசிடர் காலத்து ஆள், மாலையில் வீட்டுக்கே வந்தார். சக்கரத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, “இதையா மலைக்கு ஓட்டிட்டுப் போனீங்க தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

டிரம் இறுகிப் போயிருந்தது. அதில் இருக்கிற இரண்டு ஓட்டைகளில் 8 மில்லி போல்ட்டுகளை மாறி மாறி முறுக்க, தானாக எம்பி வந்தது. உள்ளே பிரேக் ஷூ, ஸ்பிரிங் எல்லாம் ஆயிலில் குளித்திருந்தன. பிரேக் பைப்பைக் கழற்றி, பின்தகட்டைப் பிடித்திருந்த நட்டுகளை எடுத்ததும், ஷாஃப்டை உருவ அவர் இழுப்பான் சுத்தியலைக் கேட்டார். அதற்கு வேலையே இல்லாமல் ஷாஃப்ட் இரண்டு கைக்கு இலகுவாக வந்துவிட்டது.

ஷாஃப்டைத் துடைத்துக் காட்டினார். இந்த வண்டியில் பேரிங்கை ஷாஃப்டில் இறுக்கி ஏற்றி, அது நகராமல் இருக்கப் பின்னாலேயே ஒரு இரும்பு வளையத்தையும் இறுக்கி ஏற்றுவார்கள். நட்டு, பூட்டு எதுவும் கிடையாது, இறுக்கம் ஒன்றுதான் பிடிமானம். அந்த வளையம் தன் இடத்தை விட்டு உள்பக்கமாக நகர்ந்திருந்தது. அது உட்கார்ந்திருந்த இடம் நகத்தின் அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்து மின்னியது. வளையத்தின் மேல் பழைய உளித் தழும்புகள். “முன்னாடி யாரோ பேரிங் மாத்தியிருக்காங்க. ரிங்கைக் கழட்டி அதையே திரும்ப அடிச்சு ஏத்தியிருக்காங்க. ஒருதடவை கழட்டுன ரிங்கு பிடிக்காது தம்பி.” எப்போது, எங்கே என்று அப்பாவுக்கும் நினைவில்லை. வளையம் இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால், ஏதோ ஒரு இடது வளைவில் சக்கரம், டிரம், ஷாஃப்ட் மூன்றும் சேர்ந்து குழாயிலிருந்து உருவிக்கொண்டு வெளியே போயிருக்கும்.

லேத்து பட்டறையில் வளையத்தை ஒரு பக்கம் மெலியும்வரை கிரைண்டரில் தேய்த்து, ஷாஃப்டைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்தி, உளியால் ஒரே அடி. பிளந்தது. பேரிங் உட்காரும் இடத்தை மைக்ரோமீட்டரில் அளந்தார்கள், ஷாஃப்ட் தப்பித்தது. பிறகு புதுப் பேரிங்கை பிரஸ்ஸில் ஏற்றி, அது முழுக்க உட்கார்ந்த பிறகே புது வளையத்தைத் தனியாக ஏற்றினார்கள். இரண்டையும் ஒரே தள்ளில் ஏற்ற அண்ணன் விடவில்லை. பட்டறைப் பையன் வளையத்தில் ஒரு பொட்டு வெல்டிங் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, அந்தச் சூட்டில் பேரிங் கெடும் என்று அதட்டினார்.

ஆயில் சீல் புதுசு, ஷூ இரண்டு பக்கமும் புதுசு. ஆயில் குடித்த ஷூவை உப்புத்தாளால் தேய்த்துப் போட்டுக்கொள்ளலாமா என்று நான் கேட்டேன். அண்ணன் பதிலே சொல்லவில்லை. பிரேக் பைப்பில் புகுந்த காற்றை எடுத்து, கிரவுனில் ஆயிலை நிரப்பு மூடி வரைக்கும் ஊற்றினோம். சாமான் செலவு, மாற்றத் தேவையே இல்லாத முன்பேரிங்குகளுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

அடுத்த வாரம் சிறுமலை. பதினெட்டு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டே ஏறினேன். ‘ஊம்ம்’ இல்லை, ‘டக்’ இல்லை. மேலே வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கும்போதுதான் கவனித்தேன்: பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு கடகடவென்று ஆடுகிறது. எத்தனை மாதமாக ஆடுகிறதோ, அந்த இரைச்சலில் கேட்கவே இல்லை.