பழைய டூல்ஸை மொத்தமாக வாங்கலாமா?

கோவை கணபதியில் நாற்பது வருஷம் உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத் மெஷினில் டர்னராக இருந்த ஒரு பெரியவர், பார்வை மங்கிவிட்டதால் தன் டூல்ஸ் முழுவதையும் விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். நான் நாலரை அடி லேத் வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மரப்பெட்டி, மொத்தமாக 35,000 ரூபாய் என்றார். புதுசாக வாங்கினால் இந்தப் பணத்துக்குக் கால்வாசிகூட வராது. பெட்டியைத் திறந்தபோது வந்த எண்ணெய் வாசனையிலேயே பணத்தை எடுத்து நீட்டிவிடலாம் போல இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பெரியவர் வாழ்நாள் முழுக்கப் பஞ்சாலை மெஷின்களுக்குப் பழுது பார்த்தவர். அதனால் துளைக்குள் மரை வெட்டும் டேப், கம்பி மேல் மரை வெட்டும் டை, இரண்டிலும் பாதிக்குமேல் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் இஞ்ச் அளவு. 1841-ல் ஜோசப் விட்வொர்த் வகுத்த 55 டிகிரி மரை; அரை இஞ்ச் என்றால் இஞ்சுக்கு 12 மரை. நான் போடுவதெல்லாம் மெட்ரிக், 60 டிகிரி, எம் 12-க்கு (12 எம்.எம் விட்டம்) பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.75 எம்.எம். இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. பெரிய ட்ரில்களின் ஷாங்க், அதாவது மெஷினில் மாட்டும் கூம்பு வால், எல்லாம் மோர்ஸ் டேப்பர் என்ற கூம்பு அளவில் 4; ட்ரில்லை மாட்டுகிற என் லேத்தின் டெயில்ஸ்டாக் அதைவிடச் சின்னது, 3. சின்ன ஷாங்க்கை ஸ்லீவ் என்ற உறை போட்டுப் பெரியதில் மாட்டலாம், பெரியதைச் சின்னதில் எப்படி நுழைப்பது?

அளக்கிற சாமான்களில்தான் அதிக நேரம் போனது. நுண்ணிய அளவு பார்க்கும் 0–25 எம்.எம் மைக்ரோமீட்டர் இரண்டு இருந்தன, துடைத்து, அதிகம் இறுகாமல் தடுக்கும் ராட்செட் திருகால் மூடினால் இரண்டுமே சரியாகப் பூஜ்யம் காட்டின. ஆனால் பூஜ்யத்தை மட்டும் நம்பக்கூடாது. கையோடு கொண்டுபோன 6 எம்.எம் பேரிங் குண்டை அளக்கும் முகத்தின் ஓரத்தில் வைத்தேன், 6.00. நடுவில் வைத்தேன், ஒன்றில் 5.98. நடுப்பகுதி தேய்ந்து குழிந்துவிட்டது என்று அர்த்தம். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டேன்.

மரப்பெட்டியில் லேத்தில் உலோகத்தைச் சீவும் ஹெச்.எஸ்.எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டுகள், ஏறக்குறைய முப்பது, எல்லாம் அவர் கையால் கிரைண்ட் பண்ணியவை. ஒன்றின் மேல்பக்கம் சரிவே இல்லாமல் தட்டையாக இருந்தது. "இது பித்தளைக்குத் தம்பி. மேலே சரிவு கொடுத்தீங்கன்னா உள்ள இழுத்துக்கும்" என்றார், கண்ணால் பார்க்காமல், விரலால் முனையைத் தடவியே. போன மாதம் ஒரு பித்தளை புஷ் (துளைக்குள் போடும் உருளை வளையம்) ஏன் அப்படிக் கடித்துக்கொண்டு பாழானது என்று அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. கடையில் புதுசு வாங்கினால் பெரும்பாலும் பிட் சதுரக் கட்டையாகத்தான் வரும், கோணம் நாம்தான் பிடிக்கணும். எனக்கு அந்த முப்பதும் முப்பது பாடம்.

"ஐயா, எல்லாம் எடுக்க முடியலைங்க. எனக்கு ஆகிறதை மட்டும் எடுத்துக்கலாங்களா?" என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, உபயோகப்படுத்தறவங்ககிட்டப் போனாப் போதும்" என்றார். மரப்பெட்டி முழுசாக, ஒரு மைக்ரோமீட்டர், மேக்னட்டிக் ஸ்டாண்டோடு நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ், மரை முனை உடையாத மெட்ரிக் டேப்கள். 11,000 ரூபாய். பேரம் பேசவில்லை.

விட்வொர்த் டேப்பும் பெரிய ட்ரில்லும் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கின்றன. எடைக்குப் போய்விடக்கூடாது. பழைய மில் மெஷின்களுக்கு வேலை செய்கிற பட்டறைக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நானே கூட்டிப் போகிறேன்.