இருபது நிமிடம்

ஜூன் 2, திங்கள்

நேற்றுக் காலை 8 மணிக்கு மருத்துவமனைக்குள் பணிக்குப் போனவள் இன்று பகல் 2 மணிக்கு வெளியே வந்தேன். ராயக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்ததுதான் தெரியும். நடத்துநர் கம்பியைத் தட்டி எழுப்பியபோது இரண்டு நிறுத்தம் தாண்டியிருந்தது. வெயிலில் திரும்பி நடந்தேன். வீட்டில் அம்மா எதுவும் கேட்காமல் களியைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள்.

ஜூன் 3, செவ்வாய்

அந்தப் பையனைப் பற்றித் தகவல் இல்லை.

ஜூன் 4, புதன்

எழுதிவிட்டால் விடுமோ என்று பார்க்கிறேன்.

திங்கள் விடியற்காலை 4 மணி. பதினொரு வயது. வயிற்று வலி என்றுதான் தூக்கி வந்தார்கள். மாந்தோப்புக் காவல் கொட்டகையில் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறான். கடிவாய் எங்கும் தெரியவில்லை. ‘மேலே பார், தம்பி’ என்றேன். கண் மேலே போனது, இமை போகவில்லை. கட்டுவிரியன்.

நஞ்சுமுறி மருந்து பத்துக் குப்பி. ஏறிக்கொண்டிருக்கும்போதே மூச்சு இறங்கியது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டு, கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையை அழுத்தத் தொடங்கினோம். மூன்று விநாடிக்கு ஒருமுறை. சிஸ்டர் கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம். 108 வர நாற்பது நிமிடம். பை என் உள்ளங்கையிலேயே சூடேறிப்போனது. அவனுடைய அம்மா என் கோட்டைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெலுங்கு அரைகுறை. மகன் என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

வண்டிக் கதவு மூடியது. எனக்குள் ஒன்றும் ஆகவில்லை. பதிவேட்டில் ‘மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டது’ என்று எழுதி, கோடு இழுத்து, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அவன் பெயரை நான்தான் கேட்டு எழுதினேன். பஸ் ஏறும்போது அது என் நினைவில் இல்லை.

உடம்பு அசதி தூங்கினால் போய்விடும். இது வேறு.

ஜூன் 6, வெள்ளி

வேலையால் மனம் எரிந்துபோவதை (burnout) அளக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் தந்த அளவுகோலை எடுத்து வைத்துக்கொண்டு என்னையே சோதித்தேன். மூன்று பகுதி: மனம் வற்றிப்போவது, நோயாளி ஆளாகத் தெரியாமல் பொருளாகத் தெரிவது, நாம் செய்வதால் என்ன பயன் என்ற எண்ணம். முதலாவது எனக்கு எப்போதோ வந்துவிட்டது. இரண்டாவதுதான் பயமாக இருக்கிறது. இன்று காலைச் சுற்றில் ‘ஆறாம் நம்பருக்கு ட்ரிப்ஸ் மாற்றுங்கள்’ என்றேன். ஆறாம் நம்பர் ஒரு பாட்டி. நான் வரும்போதெல்லாம் எழுந்து உட்காரப் பார்ப்பவர்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய்ப் பட்டியலில் வைக்கவில்லை. பணியிடத்தில் நெடுநாள் இருந்து, சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்தது. பணியிடத்தில். எங்கள் தலைமை மருத்துவர் தியான வகுப்பு ஏற்பாடு செய்திருக்கிறார். தியானம் நல்லது, அம்மா தினமும் செய்கிறாள். ஆனால் வகுப்பு ஞாயிறு காலை. அந்த வாரம் எனக்கு இருக்கும் ஒரே காலை அது. அம்மாவிடம் சொன்னபோது, ‘எண்ணெய் ஊற்றாமல் திரியைத் தூண்டிக்கொண்டே இருந்தால் திரிதானே கருகும்’ என்றாள்.

ஜூன் 7, சனி

மழை. மின்சாரம் இல்லை. தூங்கினேன்.

ஜூன் 9, திங்கள்

கண்ணாடி விரியன் கடி. 2 மில்லி ரத்தத்தை உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ கூப்பிட்டார்கள். வருகிறேன் என்றேன், போகவில்லை. காலையிலிருந்து நான் உட்கார்ந்தது அந்த இருபது நிமிடம்தான். கடிபட்ட பெரியவரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் கேட்டேன், ஊர் கேட்டேன், எத்தனை மாடு என்று கேட்டேன். பிறகு குழாயைச் சாய்த்தேன். ரத்தம் உறையவில்லை, தண்ணீராக ஓடியது. நஞ்சு ஏறியிருக்கிறது. மருந்து ஏற்றினோம்.

இரவு கடிதத்தை எழுதி முடித்தேன். 24 மணி நேரப் பணியை இரண்டு பன்னிரண்டாகப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. உறைவிட மருத்துவர்களுக்கு ஒரே மூச்சில் 12 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று மத்திய அரசு 1992இலேயே சொன்னது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் எண் ஏறித்தான் இருக்கிறது. போன வாரம் எனக்கு 81.

பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வையும் சேர்த்தேன். 2004இல் வெளியானது. நீண்ட பணி முறையில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், 16 மணி நேரத்துக்குள் நிறுத்தப்பட்டவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான பிழைகள் செய்தார்கள். எனக்காகக் கேட்கவில்லை, கட்டிலில் கிடப்பவருக்காகக் கேட்கிறேன் என்று கடைசி வரி எழுதினேன். பிறகு அடித்தேன். எனக்காகவும்தான் கேட்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

காய்ச்சலில் வெட்டி இழுக்கும் குழந்தை. இரவே ஏன் கொண்டுவரவில்லை என்று அப்பாவிடம் கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர்கள் அஞ்செட்டிக்கு உள்ளே இருக்கும் ஊர். பாதையில் யானை நின்றதால் விடியும்வரை காத்திருந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் போய், ‘மன்னித்துக்கொள்ளுங்கள், அண்ணா’ என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது, அதனால்தான் டாக்டரம்மா இப்படிப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டார். நன்றாக இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று எத்தனை முறை சொன்னேனோ.

கடிதத்துக்குப் பதில் இல்லை.

ஜூன் 14, சனி

லண்டனில் மைக்கேல் பாலின்ட் 1950களில் பொது மருத்துவர்களைச் சேர்த்து உட்காரவைத்து, மனத்தை விட்டு அகலாத ஒரு நோயாளியைப் பற்றிப் பேசச் சொன்னார். மருந்தைப் பற்றி அல்ல, அந்த ஆளுக்கும் மருத்துவருக்கும் நடுவே நடந்ததைப் பற்றி. இங்கே செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். மருத்துவர்கள் நாங்கள் மூவர், சிஸ்டர் ஒருவர், மருந்தகத்தின் பின்னால் நான்கு டீ.

மூத்தவர் 2009இல் நடந்த ஒரு பிரசவத்தைச் சொன்னார். இத்தனை வருடம் வீட்டில்கூடச் சொன்னதில்லையாம். அவருடைய டீயில் ஆடை படிந்துவிட்டது. நான் பையனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அழைப்பு வந்துவிட்டது.

இளையவர் ஒன்றுமே பேசவில்லை. மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை என்று போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 14416. நோயாளிகளுக்கு எத்தனையோ முறை எழுதிக் கொடுத்த எண். அவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. மருத்துவருக்கு மருத்துவர் சொல்ல என்ன கூச்சம் இது?

ஜூன் 15, ஞாயிறு

இளையவருக்கு எண்ணை அனுப்பிவிட்டேன். நீங்கள் பேசும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றும் எழுதினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

பெரிய மருத்துவமனைக்கு மூன்று முறை போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கண்ணாடி விரியன் பெரியவர் ஒரு பை நிறையப் பெங்களூரா மாங்காய் கொண்டுவந்தார். விற்ற விலை பறிகூலிக்குக்கூடக் காணவில்லை என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஜூன் 19, வியாழன்

பிழைத்திருக்கிறான்.

சிஸ்டரின் அக்கா மகள் அங்கே பணியில் இருக்கிறாள், அவள் வழியாகத் தெரிந்தது. ஐந்தாம் நாள் குழாயை எடுத்திருக்கிறார்கள். பத்தாம் நாள் தானே நடந்து வெளியே போனானாம். ட்ரிப்ஸ் பெட்டிகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பதினேழு நாள். அனுப்பிவைக்கும் சீட்டின் கீழே ஒரு வரி இருந்தால் போதும், என்ன ஆயிற்று என்று அங்கிருந்து எழுதி அனுப்ப. வருடத்துக்கு எத்தனை பேரை இப்படி வண்டியேற்றி மறக்கிறோம். அவர்களில் பாதிப் பேராவது பிழைத்துத்தானே இருப்பார்கள்? எங்களுக்குத் தெரிவதே இல்லை.

அவன் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இங்கே எழுதமாட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இளையவர் பேசியிருக்கிறார். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 21, சனி

ஜூலைப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். ஞாயிறு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. காலை 8 முதல் இரவு 8 வரை என் பெயர். இரவு 8க்கு என்னிடமிருந்து பொறுப்பு வாங்க வேண்டியவரின் கட்டத்தில் பெயர் இல்லை, ஒரு கோடு மட்டும். தலைமை மருத்துவரைத் தேடிப் போனேன். கிருஷ்ணகிரியில் கூட்டம் என்றார்கள். திங்கட்கிழமை