திம்பம் மலைப்பாதையும் கைகாட்டுற பொம்பளையும்

சத்தியமங்கலத்துல இருந்து மைசூர் போற ரோட்டுல பண்ணாரி தாண்டினா திம்பம் மலை, மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. இந்த ரோட்டுக்குப் பேய்க்கதைன்னு நெட்டுல தேடினா வீரப்பன் ஆவியும் அந்தரத்துல மிதக்கற லாந்தர் வெளிச்சமும்தான் வரும். அந்த ஆளு 2004 அக்டோபர்ல செத்தது தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி பக்கம், இங்க இல்ல, அதனால ஆவிக்கதை மட்டும் எனக்கு ஒட்டவே இல்ல.

பண்ணாரி அம்மன் கோயில் முன்னாடி ஒரு லாரி டிரைவர் சூடம் ஏத்திட்டு டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சுட்டு இருந்தார், அவர்கிட்ட மெதுவா பேச்சு குடுத்தேன். "நான் பாத்ததில்லீங்க தம்பி, கூட ஓட்டுனவரு பாத்திருக்காரு. பாதி மலையில ஒரு பொம்பள கைக்கொழந்தையோட நின்னு கை காட்டுமாம், பக்கத்துல போனா ஆளு இருக்காதாம், அடுத்த வளைவுல பாத்தா மறுபடி அங்க நிக்குமாம்."

"நிறுத்திட்டா என்னாகும்ண்ணா?"

"லோடு ஏத்திட்டு எறக்கத்துல வர்றவன் வளைவுல சடக்குனு பிரேக்க மிதிச்சா என்னாகும், நீங்களே சொல்லுங்க."

எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிருச்சு. பிரேக் சூடேறி பிடிக்காம போறது, எதிர்ல ஏறி வர்ற வண்டி, ஓரத்துல பள்ளம், அத்தன பயமும் சேந்துதான் அந்தப் பொம்பளையா நிக்குதுன்னு நெனக்கிறேன், அதனாலயே இந்தக் கதைய நான் ரொம்ப மதிக்கிறேன்.

லாந்தர் வெளிச்சத்த மட்டும் நானே பாத்தேன். இருட்டுக் கட்டற நேரம், பனி வேற, ஹெட்லைட் திரும்பினப்ப ஆள் உசரத்துல பச்சையா ரெண்டு புள்ளி மிதந்துச்சு, மூச்சே நின்னுருச்சு, கொஞ்சம் கிட்ட போன பிறகுதான் கடமான்னு தெரிஞ்சுது. மான், சிறுத்தை கண்ணுக்குள்ள விழித்திரைக்குப் பின்னாடி வெளிச்சத்தத் திருப்பி அடிக்கற ஒரு படலம் இருக்கு, இருட்டுல உடம்பு தெரியாது, கண்ணு மட்டும் எரியும்.

அப்படி ரோட்டுக்கு வர்ற ஜீவனுங்க வண்டியில அடிபட்டு சாகுதுன்னுதான் 2022 பிப்ரவரியில ஹைகோர்ட் ராத்திரிப் போக்குவரத்தத் தடுத்துச்சு. காருல போறவங்க சாயங்காலமே மலையேறிடற மாதிரி கிளம்புங்க.

மேல ஆசனூர்ல டீ குடிக்கும்போது இதே கதையக் கேட்டேன், அங்க பொம்பள இல்லயாம், தடி ஊனிக்கிட்டு ஒரு கிழவராம். தாளவாடி பக்கம் யாரு நிக்கறாங்கன்னு அடுத்த தடவ போய்க் கேக்கணும்.